பன்னிரண்டாம் வீட்டுக்கு நாலாவது முறை

தண்ணீர்த் திருடன் என்று பெயர் வாங்கி, ஒரு கூட்டத்தின் நடுவே நின்றிருக்கிறேன். அன்றைக்கும் என் நெஞ்சில் பெருமைதான் பொங்கியது. (தண்ணீர் பொங்கவில்லை என்பதுதான் புகாரே.)

சில கோடைகளுக்கு முந்தைய கதை. காளவாசல் பக்கம் எங்கள் குடியிருப்பில் பன்னிரண்டு வீடுகள். லாரித் தண்ணீரை ஒன்றாம் வீட்டில் தொடங்கி வரிசையாகப் பிடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. செயலாளரான நான், முறை வந்ததும் அந்தந்த வீட்டுக்கு செல்போனில் செய்தி போக ஒரு ப்ரோக்ராம் எழுதினேன்.

"பன்னெண்டு வீட்டுக்கு எதுக்குங்க ப்ரோக்ராமு? மாடியில நின்னு கூப்பிட்டா பத்தாதா?" என்றாள் மனைவி. மேதைகளுக்கு வீட்டில் மரியாதை தாமதமாகத்தான் கிடைக்கும்.

முதல் லாரி வந்தது. ஒன்றாம் வீட்டுக்குச் செய்தி போனது. அடுத்து பத்துக்கு, பதினொன்றுக்கு, பன்னிரண்டுக்கு. இரண்டாம் வீட்டு ஸ்டெல்லா டீச்சர் குடத்தோடு பார்த்துக்கொண்டே நின்றார். பன்னிரண்டாம் வீடு என்னுடையது.

மாலையே கூட்டம். பதவி போனால் போகட்டும், நேர்மை போகலாமா? லேப்டாப்பை நடுவில் வைத்து டீபக்கரைத் திறந்தேன். ப்ரோக்ராமை வரி வரியாக நிறுத்தி ஓட்டிக் காட்டும் கருவி அது. நடுவே அடுத்தவர் எழுதிய பகுதி வந்தால் உள்ளே நுழைய ஒரு பட்டன், தாண்டிப் போக ஒரு பட்டன். தாண்டுவது சோம்பேறிகளின் வேலை என்பது என் கொள்கை.

நுழைந்தேன். வரிசைப்படுத்தும் வேலை, கம்ப்யூட்டர் மொழியோடு கூடவே வரும் லைப்ரரி என்ற ஆயத்த ப்ரோக்ராம் தொகுப்புடையது. அறைக்குள் அறை, அதற்குள் இன்னோர் அறை. முகம் தெரியாத யாரோ இழைத்து இழைத்து வைத்த வரிகள். பிரிந்தும் சேர்ந்தும் நகரும் எண்கள், மேகம் கலைந்து கூடுவது போல. முக்கால் மணி நேரம் மெய்ம்மறந்திருந்தேன். காபி வந்து ஆறிப்போனது. பத்தாம் வீடும் பதினொன்றாம் வீடும் எனக்கு ஆதரவாகத் தலையாட்டின. (ஆட்டாமல் என்ன செய்யும்?) கடைசியில், உலகமே நம்பி ஓட்டும் அந்த லைப்ரரியில்தான் தப்பு என்று அறிவித்தேன்.

ஸ்டெல்லா டீச்சர் நிதானமாகக் கேட்டார். "சார், இதுல நீங்க எழுதுனது எம்புட்டு?"

"பதினாலு வரி, டீச்சர்."

"அத மட்டும் காட்டுங்க. ஊரு உலகத்த அப்புறம் திருத்துவோம்."

தாண்டும் பட்டனை, வாழ்க்கையில் முதல்முறையாக, அழுத்தினேன். மூன்றாவது வரியிலேயே என் லட்சணம் தெரிந்தது. வீட்டு எண்களை எண்ணாக வைக்காமல் எழுத்தாக வைத்திருந்தேன். எழுத்தென்றால் அகராதி வரிசைதானே? ஒன்றில் தொடங்கும் 10, 11, 12 எல்லாம் 2-க்கு முன்னால் போய் நின்றுவிட்டன. லைப்ரரி பாவம், நான் சொன்னதைச் செய்திருந்தது.

"அப்ப நீங்க திருடல" என்றார் டீச்சர். "ஒங்களுக்குத் தெரியல. அம்புட்டுத்தான்."

கூட்டம் சிரித்த சிரிப்பில் பதவி தப்பியது. அங்கேயே அந்த ஒரு வரியைத் திருத்தினேன். அதன்பிறகு இன்றுவரை வரிசை பிசகியதில்லை. ஆகவே என் வீடு கடைசி. சில நாள் பதினொன்றாம் வீட்டோடு லாரி வற்றிவிடும். மனைவி காலிக் குடத்தைக் கவிழ்த்துக் காட்டி, எல்லார் காதிலும் விழும்படி சொல்வாள்: "ஒங்க ப்ரோக்ராமு இன்னைக்கும் சரியாத்தேன் ஓடுது போல."

"பின்னே?" என்பேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.