ஓட்டைத் தாலரும் ஒற்றை வாத்தும்

வாழ்க ஆடல்குண்டே! பிர்கன்ரோடா மாநகரின் மூன்று வீதிகளுக்கும் ரொட்டி சுட்டளிக்கும் அனலடுப்பின் அரசி, மாவு படிந்த முழங்கைகளையே கவசமாய்ப் பூண்ட வீரக் கைம்பெண், வாய் திறந்தால் கோயில் மணியும் தன் முறைக்குக் காத்திருக்கும் பெருங்குரலாள்! ஒளிந்திருந்த இடத்தை வாத்துகள் கத்திக் காட்டிக்கொடுத்த புனித மார்ட்டினே, அவள் பொருத பெரும்போரை உள்ளவாறு உரைக்க என் நாவுக்கு வலிமை தருவீராக.

போரின் மூலம் இது. அவள் மகள் ரெகினாவுக்கும் தோல் பதனிடும் ஸிட்ஸ்மன் குலத்து தியோபால்டுக்கும் மார்ட்டின் திருநாளன்று நிச்சயதார்த்தம். விருந்து பெண் வீட்டில்தான் என்று ஆடல்குண்டே முழங்கினாள். பிள்ளை வீட்டில்தான் என்று வால்புர்கா எதிர்முழங்கினாள்; பிள்ளையைப் பெற்றவள், கடுங்குளிரிலும் கையுறை அணியாத நெஞ்சுரத்தாள். அத்திருநாளில் வாத்து வேகாத வீட்டில் விருந்து என்ற பேச்சே இல்லையாதலால், வாத்து எவளுடையதோ வெற்றியும் அவளுடையது. நரிகளின் கொடுங்கோலாட்சியில் வாத்தினம் அருகிப்போன அவ்வாண்டில், அன்று காலை சந்தையில் எஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று. ஓடைக்கு அப்பாலுள்ள பிரஷ்ய மண்ணிலிருந்து வந்த காஸ்பர் என்னும் குடியானவனின் கூடையில், உலகை வெறுத்த துறவிபோல் அது கழுத்தை நீட்டி அமர்ந்திருந்தது. விலை ஒரு தாலர், அவன் நாட்டு வெள்ளிக்காசு.

மலைச்சரிவில் எதிரெதிரே பாயும் இரு காட்டுப்பன்றிகளென இரு தாய்மாரும் ஒரே கணத்தில் அக்கூடையை அடைந்தனர். ஆடல்குண்டே தன் படைக்கலத்தை உருவினாள். மீசை முறுக்கிய மன்னன் முகம் பொறித்த அந்த வெள்ளித் தாலர், ரெகினாவின் ஞானஸ்நானத்தன்று ஞானத்தந்தை அளித்தது. துளையிட்டு, நாடாவில் கோத்துக் கழுத்தில் கட்ட, பல் முளைத்த பருவத்தில் குழந்தை கடித்துக் கடித்து மகிழ்ந்தது. கோதுமை பொய்த்த அவ்வாண்டில் வீட்டிலிருந்த வெள்ளி அது ஒன்றுதான். நாடாவை அறுக்குமுன் அவள் காசை முத்தமிட்டதை அடுப்பைத் தவிர எவரும் அறியார்.

“ஓட்டை இருக்கே, தாயி,” என்றான் காஸ்பர்.

“ராஜா மூஞ்சியிலயா இருக்கு? தலைக்கு மேலதானே! காத்து வரட்டும்னு விட்டிருக்கு.”

“செல்லாக்காசை வச்சுக்கிட்டு சம்பந்தம் பண்ண வந்தாச்சு!” என்று வால்புர்கா நகைத்தாள். “இந்தாப்பா, எங்க ஊர்க் காசு, குல்டன். கூட சில்லறையும் இருக்கு. அதுல எங்க கோமகன் மூஞ்சிய, நாடியப் பாரு, முழுசா இருக்கு.”

“நாடி முழுசா இருந்து என்ன, சம்பந்தியம்மா? ஒரு குல்டன் தனியா ஒரு தாலர் பக்கத்துல நிக்குமா? சில்லறையத் துணைக்குக் கூட்டிட்டுல்ல வந்திருக்கு!”

காஸ்பர் தாலரைக் கல்லில் தட்டினான், ஒலி தெளிவாயிருந்தது. சூரியனுக்கு எதிரே பிடித்தான். துளைவழியே சூரியன் அவனைப் பார்த்தது. காசை அவள் கையிலேயே திருப்பி வைத்தான். துளையில் இல்லாத வெள்ளிக்கு விலை என்ன என்னும் தத்துவப் பெருவினாவில் அவன் மூழ்கியிருந்த வேளை, இடச்சிறகை ஆடல்குண்டேயும் வலச்சிறகை வால்புர்காவும் பற்ற, கூடை கவிழ, இறகுகள் பனிபோல் பொழிய, இருவர் பிடியையும் உதறிய அவ்வாத்து, முற்றுகையை உடைத்தோடும் தளபதியென முட்டைக்கோஸ் குவியல்களைத் தாண்டி ஓடையில் குதித்தது.

குதித்தனர் இருவரும். நவம்பர்க் குளிர் எலும்பைக் கவ்வியது. முழங்கால் நீரில் பாசிக்கல் மிதித்த வால்புர்கா, வெட்டுண்ட தேவதாரு மரம்போல் சாய்ந்து மூழ்கினாள். வாத்தோ கைக்கெட்டும் தொலைவில் நின்றது. ஒரு கணம், ஒரே கணம், ஆடல்குண்டே வாத்தைப் பார்த்தாள், சம்பந்தியைப் பார்த்தாள், பின்பு மாவு பிசைந்து முறுக்கேறிய கரத்தால் சம்பந்தியின் கொண்டையைப் பற்றித் தூக்கினாள். வாத்து கரையேறி, வேற்றுநாட்டுக் காட்டுக்குள் புகுந்து மறைந்தது.

மூச்சிரைக்க வந்து நின்றான் காஸ்பர். “வாத்தைத் தொலைச்சது நீங்க. காசு குடுங்க. அந்தத் தாலரே போதும்.” துளை இப்போது அவன் கண்ணுக்குத் தெரியவில்லை.

ஆடல்குண்டே தாலரைப் பற்றி இறுகிய விரல்களை ஒவ்வொன்றாய் விரித்தாள். அப்போது ஈரம் சொட்டச் சொட்ட எழுந்து நின்ற வால்புர்கா, பற்கள் தந்தியடிக்க, ஓடையின் இருகரை நாடுகளும் கேட்கப் பிரகடனம் செய்தாள்: “உள்ள வைங்க அதை! என் மருமக கழுத்துல கிடந்த காசு. அதைக் குடுத்துத்தான் எனக்கு விருந்து வைக்கணுமா?” தன் குல்டனையும் சில்லறையையும் காஸ்பரின் கையில் திணித்தாள்.

ஆடல்குண்டே குரலைத் தாழ்த்தினாள். அந்நகர வரலாற்றில் அது முதன்முறை. “வாங்க, என் வீடுதான் கிட்ட. அடுப்பு எரிஞ்சுக்கிட்டுதான் இருக்கு,” என்றாள். விருந்து எவர் வீட்டிலென்று அதன்பின் எவளும் வினவவில்லை. நாற்படையும் கொடியும் முரசும் இன்றி, ஒருத்தி போர்வையில் மற்றவள் பாதி புகுந்தவாறு, தோற்றவர் எவரென அறியாத அவ்விரு பேரரசியரும் வீதிவழி நடந்து அனலரண்மனை புகுந்தனர்.

மத்தியானம் எல்லோரும் உருளைக்கிழங்கு சூப் குடித்தார்கள்.