பட்டு மாதிரி மண்

எழுதுகிற அளவுக்கு எனக்குப் படிப்பு கிடையாது. பத்தாவதோடு நின்றவன். நாலு பேர் சேர்ந்து நின்றாலே ஒதுங்கிப் போய்விடுகிற ஆசாமி. வீடு கட்டப்போகிற யாராவது ஒருவர் இதைப் படித்துவிட்டு நான் செய்ததைச் செய்யாமல் விட்டால் போதும் என்றுதான் பேனாவை எடுத்தேன். அதிகப்பிரசங்கித்தனம் என்று தோன்றினால் மன்னித்துவிடுங்கள்.

நான் பட்டுத் தறி நெய்கிறவன். டவுனில் வாடகை வீட்டிலேயே முப்பது வருஷம் ஓட்டிவிட்டு, முசரவாக்கம் பக்கம் ஒரு மனை வாங்கினேன். ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலம். வீடு கட்ட வந்த ஏழுமலை மேஸ்திரி அந்த ஊர்க்காரர்தான். கழிவறைத் தொட்டிக்கும், அதை ஒட்டி, தொட்டியில் வழிகிற தண்ணீர் மண்ணில் இறங்குவதற்கான உறிஞ்சு குழிக்கும் இடம் குறிக்கும்போது கடப்பாரையை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார்.

"அண்ணே, இது களிமண்ணு. தண்ணி இறங்காது. சின்னதா ஒரு குழி வெட்டி, ரெண்டு பக்கெட் ஊத்திப் பாத்துடலாம். செவுத்துக்கு இந்தாண்ட உங்க தறிக்குழி வேற வருது."

யாரிடமும் எதிர்த்துப் பேசாத எனக்கு அன்று என்ன வந்ததோ! தறிக்கு முன்னால் தரையில் குழி வெட்டி, அதில் காலைத் தொங்கவிட்டு மிதித்துத்தான் நாங்கள் நெய்வோம். முப்பது வருஷம் குழிக்குள் கால் வைத்தவனுக்கு இவர் குழியைப் பற்றிச் சொல்வதா?

குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்தேன். பட்டு இழையை உருட்டிப் பார்ப்பதுபோல் கட்டைவிரலால் தடவினேன். சொரசொரப்பே இல்லை.

"பட்டு மாதிரி இருக்குது மேஸ்திரி. ஒசந்த மண்ணு. நீ வேலையப் பாரு."

(பட்டுக்கு எது நல்லதோ அது மண்ணுக்கும் நல்லது என்று எனக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை.)

மேஸ்திரி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "சரிண்ணே" என்றார்.

குடிபோன ஐந்தாம் மாதம் மகள் செல்விக்கு இடம் அமைந்தது. ஊருக்கெல்லாம் முகூர்த்தப் புடவை நெய்தவன், சொந்த மகளுக்கு என் கையால் ஒன்று நெய்ய வேண்டாமா? மாம்பழ நிறம், அரக்கு பார்டர். முக்கால் பங்கு முடிந்திருந்தபோது, தறியில் இருக்கும்போதே பார்க்கவேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் ஏழு பேர் வந்தார்கள். ஒரு வாரமாக விடாத மழை அன்றைக்குத்தான் விட்டிருந்தது.

நெய்து காட்டச் சொன்னார்கள். உட்கார்ந்து காலை உள்ளே விட்டேன். ஜில்லென்றது. மழைக்காலம், தரை குளிர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதற்குள் என் மனைவி மல்லிகா காபி கொடுக்க, காபி குடித்தவர்கள் ஒவ்வொருவராகக் கழிவறைக்குப் போகத் தொடங்கினார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் என் கணுக்கால் முழுகியது.

மறுபடி கதவு. மறுபடி சத்தம். கெண்டைக்கால்.

மழையில் நிரம்பிய உறிஞ்சு குழி, கீழே இறங்க வழியில்லாமல் சுவருக்கு அடியில் என் குழிக்குள் வடிகிறது என்று அப்போதுதான் உறைத்தது. எழுந்தால் தண்ணீர் தெறித்துப் புடவையில் படும். சொன்னால் சம்பந்தம் போய்விடும். மல்லிகாவுக்குக் கண்ணால் ஜாடை காட்டினேன். இன்னொரு காபி கொண்டுவந்து வைத்தாள்.

சம்பந்தி அம்மா மூக்கைச் சுளித்தார். "என்னாமா ஒரு மாதிரி வாசனை?"

"பாவு நூலுக்குக் கஞ்சி போட்டிருக்குது, அதான்" என்றாள் மல்லிகா.

"நாங்களும் கஞ்சி போட்டவங்கதாம்மா. இது கஞ்சி இல்ல."

அப்போதுதான் சம்பந்தி வேட்டியை மடித்துக் கட்டினார். அவரும் தறிக்காரர். "எந்திரிங்க மச்சான். மருமவ புடவையில நானும் ரெண்டு இழை போடறேன்."

"வேணாங்க."

"அட, என்னா கூச்சம்!"

நான் பக்கவாட்டில் நகர்ந்து, காலை அங்குலம் அங்குலமாக வெளியே எடுப்பதற்குள் அவர் இரண்டு காலையும் இறக்கிவிட்டார்.

அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். கண் என் மேல். வாய் திறந்தபடி. கை மட்டும் தானாகப் புடவையைத் தூக்கிப் பிடித்தது.

"மச்சான்... குழியில தண்ணி."

"ஆமாங்க."

"எங்கிருந்து வருது?"

சுவரைக் காட்டினேன். அவருக்குப் புரிந்த அதே நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் கதவுத் தாழ்ப்பாள் விழுந்தது.

"யாரும் உள்ள போவாதீங்க!" என்று மல்லிகா போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. உள்ளே போயிருந்தவர் பயந்துபோய் ஒரு முழு பக்கெட்டை ஊற்றினார்.

முழங்கால்.

சம்பந்தி அசையவில்லை. "பதறாதீங்க, துணியில தெறிச்சிடும். மொதல்ல புடவையைச் சுத்துங்க." நானும் அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு துணியை மேலே தூக்கிக் கட்டினோம். ஒரு சொட்டு படவில்லை. அதற்குப் பிறகே அவர் காலை எடுத்தார். கிணற்றடியில் செல்வியே தண்ணீர் மொண்டு ஊற்றினாள். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டது ஒன்றுதான்: "மண்ணு பாக்கலியா?"

"பாத்தேங்க. தடவிப் பாத்தேன்."

அவர் சிரிக்கத் தொடங்கியதும்தான் எனக்கு உயிர் வந்தது.

தை மாதம் செல்வி அந்தப் புடவையில்தான் மணையில் உட்கார்ந்தாள். இப்போது சம்பந்தி வீட்டில் யார் எதை வாங்கினாலும், கத்திரிக்காயாக இருந்தாலும், "மாமாகிட்ட குடுங்க, தடவிப் பாத்துச் சொல்லட்டும்" என்கிறார்கள். செல்விதான் முதலில் சிரிக்கிறாள்.

அந்தச் சம்பவத்துக்கு மறுநாள் காலை சேதி கேள்விப்பட்டு ஏழுமலை மேஸ்திரி வந்தார். கொல்லையில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி, இரண்டு பக்கெட் தண்ணீர் ஊற்றினார். சாயங்காலம் போய்ப் பார்த்தேன். தண்ணீர் அப்படியே இருந்தது.