நம்ம ஆள் மட்டும் தங்கம்

இந்த இனத்தை அடையாளம் காண அதிகம் மெனக்கெட வேண்டாம், காது இருந்தால் போதும். "அந்தக் கூட்டமே சரியில்ல" என்று தொடங்கி, "ஆனா நம்ம ஆள் அப்படி இல்ல" என்று முடிக்கிறாரா? அவரேதான். எங்கள் மருந்துக்கடை மாமா இந்த இனத்தில் முதல் தரம்.

அடுத்த மதத்தார் என்றாலே மாமாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்கள் தொழிலையெல்லாம் வளைத்துப்போடுகிறார்கள், எதற்கோ ரகசியமாகத் தயாராகிறார்கள் என்று, இருமல் மருந்தை உறையில் போட்டபடியே வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஓதுவார். கட்சித் தலைவர் மேடையில் சொன்னதாயிற்றே, பொய்யாக இருக்குமா? ஆனால் மாமாவுக்குப் பல் கட்டிய டாக்டர் அந்த மதம். ஸ்கூட்டரைப் பிரித்து மாட்டுகிற மெக்கானிக் அந்த மதம். அவருடைய தொந்தியே தெரியாதபடி கால்சட்டை தைக்கத் தெரிந்த ஒரே மனிதரான எதிர்க்கடைத் தையல்காரரும் அந்த மதம். மூவரும் தங்கம் என்பார். அப்படியானால் கெட்டவர்கள் யார்? மாமா இன்னும் பார்த்துப் பேசாதவர்கள்.

போன வாரம் தலைவர் நேரிலேயே வந்தார். எதிரி உங்கள் பக்கத்திலேயே இருக்கிறான் என்று தொண்டை கிழியக் கத்திவிட்டு, காரில் ஏறிப் போய்விட்டார். கேட்டவர்களுக்கு ரத்தம் கொதித்தது. மாமாவும் கடை ஷட்டரை இழுக்கிற கம்பியைத் தூக்கிக்கொண்டு முன்வரிசையில் நடந்தார்.

கூட்டம் முதலில் நின்றது தையல்கடை வாசலில். மாமா பதறிப்போய்க் குறுக்கே விழுந்து, இவர் நம்ம ஆள் என்றார். சரி, மெக்கானிக்? அவனும் நம்ம ஆள்தான் என்று ஒரு டிரைவர் மறித்தார். பல் டாக்டர்? மூன்று பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தடுத்தார்கள். வைத்தியம் பாதியில் நிற்கிறதாம். இப்படியே தெருத்தெருவாக எதிரியைத் தேடி அலைந்து, போன இடத்திலெல்லாம் நம்ம ஆளாகவே அகப்பட்டு, கடைசியில் கால்வலிதான் மிச்சம். பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு தெரு இருந்தது. அங்கே இவர்கள் யாருக்கும் யாரையும் தெரியாது. அதைக் கொளுத்தினார்கள்.

மறுநாள் தையல்கடை திறக்கவில்லை. தைக்கக் கொடுத்த துணி என்னவாயிற்று என்று விசாரிக்க மாமா அவர் வீட்டுக்கே போனார். உள்ளே இரண்டு கையிலும் கட்டோடு ஒரு பெண் படுத்திருந்தாள்.

"என் தங்கச்சி. அந்தத் தெருவுலதான் குடியிருந்தா," என்றார் தையல்காரர்.

மாமாவுக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. "அடடா, உங்க தங்கச்சின்னு தெரியாமப் போச்சே. தெரிஞ்சிருந்தா விட்டிருப்பேனா?"

"உயிரோட இருக்கணும்னா, சார், உங்களுக்குத் தெரிஞ்சவங்களா இருக்கணுமா?"

மாமா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். துணியைக் கேட்கவில்லை. அந்த மட்டில் அவருக்கும் கொஞ்சம் வெட்கம் இருந்திருக்கிறது.

நீங்கள் மாமாவைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். உங்களுக்கு அந்த மதத்தில் நல்ல சிநேகிதர் ஒருவர் இருக்கிறார், அதனால் இந்தக் கதை உங்களைப் பற்றியது இல்லை. சந்தோஷம். எதற்கும் அவருடைய தங்கை எந்தத் தெருவில் இருக்கிறாள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.