விருமாண்டி எடுக்காத முடிவு

காலை ஆறே கால் மணி. நாற்பத்தேழாவது பந்து. அடித்தவர் விருமாண்டி, வயது அறுபத்தொன்று, மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பந்து எதிரே இருந்த கருவேலங்காட்டுக்குப் போகாமல் இடப்பக்கம் திரும்பி, காலி மனையில் மேய்ந்த எருமையின் வயிற்றில் மெத்தென்று பட்டது. எருமை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அதற்குப் பழகிவிட்டது.

நாகமலை புதுக்கோட்டையில் அந்தத் தெருவுக்கே ஒரு கோல்ஃப் மட்டைதான். அதையும் அவர் ஆசைப்பட்டு வாங்கவில்லை. மகள் திவ்யாவைக் கட்டிய ராஜபாண்டி டல்லாஸில் இருந்தான். மூன்று மாதமாக மாமனாரிடம் பேசவில்லை. போனில் திவ்யாவின் குரல் வாரத்துக்கு வாரம் சிறுத்தது. என்னவோ சரியில்லை என்று விருமாண்டிக்குத் தெரிந்தது. கேட்டால், "ஒண்ணுமில்லப்பா" என்றாள்.

மாப்பிள்ளைக்கு இருந்த ஒரே பைத்தியம் கோல்ஃப். ஓர் ஆட்டம் முடிய நாலு மணி நேரம் ஆகும், சேர்ந்து நடக்க வேண்டும் என்று விருமாண்டி கேள்விப்பட்டார். ஆட்டம் கற்றுக்கொண்டு, போனில் அதைப் பற்றியே பேச்சுக் கொடுத்து, சித்திரையில் நேரிலேயே போய்விடுவது. நாலு மணி நேரம் கூடவே நடந்தால் எந்த மாப்பிள்ளையையும் சரிக்கட்டிவிடலாம். தேவைப்பட்டால் காலில் விழலாம். புல்தரைதானே.

திட்டத்தைக் கேட்ட அவர் மனைவி செல்லக்கிளி நாலு நாள் வாயே திறக்கவில்லை. ஐந்தாம் நாள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"நீங்க ஒன் பிளேனா, டூ பிளேனா?"

விருமாண்டி விழித்தார். மட்டை சுழலும் சாய்வுக்குப் பெயர் பிளேனாம். நன்றாகக் குனிந்து, தோளும் கையும் ஒரே சாய்வில் சுழன்றால் ஒன் பிளேன். நிமிர்ந்து நின்று, தோள் படுக்கையாகத் திரும்ப, கை மட்டும் தனியே மேலே ஏறினால் டூ பிளேன். சொல்லிக்கொடுக்கிறவர்களே இதில் இரண்டு கட்சியாம். எல்லாம் யூடியூபில் பார்த்தாளாம்.

"மாப்ள மொத அதத்தான் கேப்பாரு. நீங்க முழிச்சா சிரிச்சுருவாரு. முடிவு பண்ணிட்டுப் பேசுங்க."

நியாயமாகப் பட்டது. விருமாண்டி ஒன் பிளேன் என்று முடிவு செய்தார். குனிந்தால் தலைசுற்றுகிற ஆளுக்கு அது ஆகாது என்றாள் செல்லக்கிளி. ஒரு மாதம் யோசித்து டூ பிளேனுக்கு மாறினார். தோள் ஒரு பக்கம், கை ஒரு பக்கம் போனால் பந்து யார் பேச்சைக் கேட்கும் என்றாள். அவர் மறுபடி குனிந்தார். அவருடைய கை குட்டை என்று அளந்தே காட்டினாள். முப்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் இந்த ஐந்து மாதம் பேசிக்கொண்ட அளவுக்கு அவர்கள் பேசிக்கொண்டதே இல்லை.

கம்பத்தில் ஏணி சாத்தியே காலம் கழித்தவருக்குச் சாய்வு சொல்லித்தர வேண்டியதில்லை. சுவரில் ஏணியைச் சாத்தி, அதற்கு இணையாக மட்டையை வீசிப் பழகினார். முந்தின நாள் சரியாக வந்த வீச்சு மறுநாள் வராது. உடம்பில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டார்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பந்து நேரே போயின. ஏணி இருந்த சாய்வில் அன்று கைதான் தனியே ஏறியது.

"டூ பிளேன்தான். இனி மாத்துறதா இல்ல. இப்பவே மாப்ளகிட்டப் பேசப் போறேன்" என்று போனை எடுத்தார்.

செல்லக்கிளி மறுத்துப் பேசவில்லை. அதுவே புதிதாக இருந்தது.

"பேசுறதுன்னா பேசுங்க. வியாழக்கிழமை கோர்ட்ல தீத்து விட்டுட்டாங்க. இனி அவரு நமக்கு மாப்ள இல்ல."

விருமாண்டி ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"எம்புட்டு நாளா உனக்குத் தெரியும்?"

"ஆவணியிலருந்து. கை நீட்டுறான்னு சொன்னா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அதுக்கு முந்துன தீவாளிக்கே மொத உங்ககிட்டத்தான சொல்ல வந்தா. அனுசரிச்சுப் போம்மான்னீங்க."

சொன்னது ஞாபகம் இருந்தது. அப்போது டிவியில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பா அவன்கிட்டக் கெஞ்சுவாரும்மா, அவரு கெஞ்சுனா நான் திரும்பிப் போயிருவேன், தீர்ப்பு வர்ற வரைக்கும் அவர எப்படியாச்சும் பேச விடாம வச்சுக்கன்னு அழுதா. வேற எனக்கு என்ன வழி தெரியும்? வாசல் கூட்டும்போது ஏணியக்கூட நான்தான் ஒரு சாண் நகத்தி வச்சேன்."

விருமாண்டி போனைச் சட்டைப்பையில் போட்டார். கேட்க வேண்டியது எத்தனையோ இருக்க, ஒன்றைக் கேட்டார்.

"அப்ப நெசமா நீ எந்தக் கச்சி? ஒன் பிளேனா, டூ பிளேனா?"

"எனக்கென்னங்க தெரியும். நீங்க எதச் சொன்னாலும் அதுக்கு எதிர்க்கச்சி."

2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, மதுரை விமான நிலையத்தில் திவ்யா இரண்டு பெட்டிகளோடு தனியாக வந்து இறங்கினாள். அப்பா பெட்டிகளை வாங்கிக்கொண்டார்.