‘நல்லா இருக்கு’ என்றால் செல்லாது

வெளியூர் போகிறவர்கள் அந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிட வேண்டும், அந்த ஊர் ஒயினை ஒரு வாயாவது ருசிக்க வேண்டும் என்பதில் இன்றைக்கு யாருக்கும் இரண்டு கருத்து கிடையாது. சாப்பிட்டதை ரசித்ததாக நாலு பேர் முன்னிலையில் நிரூபிக்கவும் வேண்டும் என்பது மட்டும் கொஞ்சம் புதிது. அந்தப் புதுமைக்குள் நம் கண்காணிப்பாளர் குடும்பத்தோடு போய் மாட்டிக்கொண்டார்.

அவர் குடிநீர்க் குறைதீர்ப்பு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். லஞ்சம் வாங்க மாட்டார், அதிர்ந்து பேச மாட்டார். ஆனால் சொல் சுத்தம் பார்ப்பார். ‘எங்க தெருவுல தண்ணி வரலை’ என்று யாராவது மனு எழுதினால், அந்த முதல் வரியோடு படிப்பதை நிறுத்திவிட்டு, ‘உரிய சொற்களில் இல்லை. திருப்பி அனுப்புக’ என்று பச்சை மையில் எழுதுவார். எந்தத் தெரு, யார் எழுதியது என்றெல்லாம் பார்க்க மாட்டார். ‘குடிநீர் வழங்கலில் தடை ஏற்பட்டுள்ளது’ என்று எழுதத் தெரியாதவருக்குத் தாகம் இருப்பதற்கு என்ன ஆதாரம்?

வீட்டில் அவர் சாப்பிடும்போது கண் செய்தித்தாளில் இருக்கும். கல்யாணமான புதிதில் மனைவி, “எப்படி இருக்கு?” என்று கேட்பார். இவர் “ம்” என்பார். உப்பு கூடினால் மட்டும் முழு வாக்கியம் வரும். நாளடைவில் அந்த அம்மாள் கேட்பதை விட்டுவிட்டார்.

இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு மலைப்பக்கத் திராட்சைத் தோட்டங்களுக்குப் போகலாம் என்று ஏற்பாடு செய்தவர் மைத்துனர், அதாவது மனைவியின் தம்பி. அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒயின் ருசிக்கும் வகுப்புக்குப் போய் வந்தவர். அதிலிருந்து வீட்டில் மோர் கொடுத்தாலும் டம்ளரைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டுதான் குடிப்பார். பக்கத்து வீட்டுப் பல் டாக்டரும் கூட வந்தார். நல்ல மனிதர். உலகத்தில் எதைப் பார்த்தாலும் அது பல்லுக்கு என்ன செய்யும் என்று யோசிப்பார்.

வேன் மலை ஏறும்போது மனைவி சொன்னார்: “எனக்கு ஊர் சுத்திப் பாக்கணும்னெல்லாம் ஆசை இல்லைங்க. நான் உக்காந்திருக்கணும், யாராவது பரிமாறணும், சூடா ஒரு வேளை சாப்பிடணும். நீங்க பக்கத்துல இருக்கணும். அவ்வளவுதான்.”

“இது ஒரு பெரிய விஷயமா? ஆணை பிறப்பிச்சாச்சுன்னு வச்சுக்கோ” என்றார் கண்காணிப்பாளர்.

மலைச் சரிவில் கல் கட்டடம் ஒன்று இருந்தது. வாசலிலேயே வெங்காயமும் கறியும் வதங்கும் வாசனை ஆளை இழுத்தது. மனைவி நடையை எட்டிப் போட்டார். ஆனால் கதவுக்கும் வாசனைக்கும் நடுவே ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் ஓர் அலுவலர், அலுவலரின் கழுத்தில் சங்கிலியில் கோத்த ஒரு வெள்ளிக் கரண்டி. தலைக்கு மேலே ‘வட்டார உணவு மற்றும் மது ரசனை உறுதிப்பாட்டு அலுவலகம்’ என்று பலகை.

“முன்னெல்லாம் வர்றவங்க சாப்பிட்டுட்டு வாயைத் துடைச்சுக்கிட்டுப் போயிடுவாங்க. சாப்பாட்டோட கண்ணியம் என்ன ஆகறது? அதனால இப்ப ரசனை நிரூபணம் ஆனவங்களுக்கு மட்டும்தான் கூடத்துல இடம்” என்றார் ரசனை அலுவலர்.

“ஆகாதவங்களுக்கு?” என்று கேட்டார் மனைவி.

“பின்பக்கம் ஒரு இடம் இருக்கு” என்றார் அவர், சொல்லவே கூசுகிறவர் போல.

கண்காணிப்பாளருக்கு வயிறு குளிர்ந்துவிட்டது. ஊர் விட்டு ஊர் வந்த இடத்திலும் ஓர் ஒழுங்கு இருக்கிறதே!

தேர்வு எளிதுதான். ஒரு வாய் ஒயின் கொடுப்பார்கள். குடித்துவிட்டு, அங்கீகரிக்கப்பட்ட சொற்களில் கருத்துச் சொல்ல வேண்டும். முதலில் மைத்துனர் கோப்பையைச் சுழற்றினார், முகர்ந்தார், ஒரு வாய் வாங்கிக் கன்னத்துக்குக் கன்னம் உருட்டினார்.

“ஈரக் கல். பழைய நூலகத்துக் கதவு. முடிவுல லேசா ஒரு வருத்தம்.”

“எதைப் பத்தின வருத்தம்?”

“சொந்தக்காரங்களைப் பத்தின வருத்தம்.”

“தேர்ச்சி” என்றார் அலுவலர்.

பல் டாக்டர் ஒரு வாய் குடித்துவிட்டுத் திருதிருவென்று விழித்தார். “ஈறு இறுகுது” என்றார் கடைசியில்.

“இறுக்கம்! எத்தனை பேருக்கு இது பிடிபடும்!” என்று அலுவலர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அடுத்தது கண்காணிப்பாளர். குடித்துப் பார்த்தால் அவருக்குத் திராட்சையைத் தவிர எதுவும் தெரியவில்லை. ஆனால் ஒன்றுமில்லாததைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவது அவருக்குக் கை வந்த கலை. தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“இனிப்பு நாக்கின் முன்பகுதியில் முன்மொழியப்பட்டு, மேல்நடவடிக்கைக்காகத் தொண்டைக்கு அனுப்பப்படுகிறது. புளிப்பு பரிசீலனையில் உள்ளது. துவர்ப்பு குறித்துத் தனியே தெரிவிக்கப்படும்.”

அலுவலர் எழுந்து நின்றுவிட்டார். “முதல் வகுப்பு!”

கடைசியில் மனைவி. தனக்குக் கொடுத்த ஒயினை ஒரே மடக்காகக் குடித்துவிட்டு உதட்டைத் துடைத்துக்கொண்டார். “நல்லா இருக்கு” என்றார்.

“எப்படி நல்லா இருக்கு?”

“குடிக்க நல்லா இருக்கு.”

“கல் ஏதாவது? புல்? நூலகம்?”

“திராட்சை.”

அலுவலரின் முகம் வாடியது. “அம்மா, ஒயினில் திராட்சை இருப்பது நிர்வாகத்தின் கவனத்தில் ஏற்கெனவே உள்ளது. நல்லா இருக்குன்னா செல்லாது. உரிய சொற்களில் இல்லை.”

கண்காணிப்பாளருக்கு எங்கேயோ சுருக்கென்றது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

“அக்கா, ஈரக் கல்லுன்னு சொல்லிட்டுப் போயேன்” என்று கிசுகிசுத்தார் மைத்துனர்.

“நான் எதுக்குடா கல்லைக் குடிக்கணும்?” என்ற மனைவி, கணவரைத் திரும்பிப் பார்த்தார். இவர் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். ‘நானும் அவளோடயே போறேன்’ என்றாவது சொல்லியிருக்கலாம். ஆனால் ஓர் அலுவலரின் தீர்ப்பில் இன்னோர் அலுவலர் தலையிடுவது முறையா?

“விதின்னு ஒண்ணு இருக்கேம்மா” என்றார்.

“இருக்கட்டும், பத்திரமா பாத்துக்கோங்க” என்று சொல்லிவிட்டு மனைவி பின்பக்கம் போய்விட்டார்.

கூடத்தில் வெள்ளைத் துணி விரித்த மேஜை, மெல்லிய இசை, எச்சில் விழுங்கவும் யோசிக்க வைக்கும் அமைதி. கறி வந்தது. கை வைக்கலாமா என்றால் கூடாது. அந்த ஆடு எந்தச் சரிவில் மேய்ந்தது, அப்போது காற்று எந்தப் பக்கமிருந்து வீசியது என்று அலுவலர் விளக்கினார். பிறகு ஒவ்வொருவரும் பார்வையால் ரசித்ததைச் சொல்ல வேண்டும், பிறகு மூக்கால் ரசித்ததை. மைத்துனர் மூக்குக்கு மட்டுமே ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அதற்குள் கறியின் மேல் நெய் வெள்ளையாக உறைந்துவிட்டது.

“ஆறினதுதான் பல்லுக்கு நல்லது” என்று ஆறுதல் சொன்னார் பல் டாக்டர். அவர் குரலிலும் பசி கேட்டது.

அப்போது வெளியே ஒரு சிரிப்புச் சத்தம். கண்காணிப்பாளர் சன்னல் வழியாகப் பார்த்தார். திராட்சைக் கொடிப் பந்தலுக்குக் கீழே நீளப் பெஞ்சில் மனைவி உட்கார்ந்திருந்தார். முன்னால் ஆவி பறக்கும் தட்டு. ஓர் ஆள் சட்டியோடு வந்து, கேட்காமலே இன்னொரு கரண்டி போட்டுவிட்டுப் போனான். பக்கத்தில் வேன் டிரைவர், எதிரே யார் யாரோ. வாய் நிறையச் சோற்றோடு மனைவி சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைக் கண்காணிப்பாளர் கடைசியாகப் பார்த்தது எப்போது என்று அவருக்கே ஞாபகம் வரவில்லை. பொறாமையாக இருந்தது, அழுகையும் லேசாக வந்தது.

“அங்க இருக்கறவங்கல்லாம் யாரு?”

“உள்ளூர்க்காரங்க” என்றார் அலுவலர்.

“அவங்களும் தேறலையா?”

“ஒருத்தர் கூடத் தேறலை சார். பரம்பரை பரம்பரையா இதைத்தான் சாப்பிடறாங்க. கேட்டா நல்லா இருக்குங்கறாங்க.”

“சமையல்காரர்?”

“அவரும் அங்கதான் உக்காந்திருக்கார்.”

“இந்த ஒயினைச் செய்யறவர்?”

அலுவலர் பெருமூச்சு விட்டார். “போன வாரம் கூட வந்து தேர்வுல கலந்துக்கிட்டார். திரும்பவும் திராட்சைன்னுட்டார்.”

கண்காணிப்பாளர் எழுந்தார். “நான் அங்க போய் உக்காந்துக்கறேன்.”

“முதல் வகுப்பு வாங்கினவங்களைப் பின்பக்கம் விட்டா எங்க வேலை போயிடும் சார்.”

“என் தேர்ச்சியை ரத்து பண்ணிடுங்க. இந்தக் கறி நல்லா இல்லை.”

“நல்லா இல்லைங்கறதும் உரிய சொற்களில் இல்லையே.”

“ஆறிப்போச்சுய்யா!”

“அமைதியுற்ற வெப்பம்!” அலுவலரின் கண் கலங்கியது. “இப்படி ஒருத்தர் சொல்லி நான் கேட்டதே இல்லை. தயவு செஞ்சு உக்காருங்க, இன்னும் இனிப்பு வேற இருக்கு.” கண்காணிப்பாளர் உட்கார்ந்தார். வேறு என்ன செய்வது?

திரும்பும்போது வேனில் மைத்துனர் சட்டையில் அலுவலர் குத்திவிட்ட தேர்ச்சி வில்லை பளபளத்தது. கண்காணிப்பாளரின் வில்லை சட்டைப்பைக்குள் இருந்தது. மெதுவாக மனைவி பக்கம் சாய்ந்து, “எப்படி இருந்தது?” என்று கேட்டார்.

“நல்லா இருந்துச்சு.”

“வேற?”

“சூடா இருந்துச்சு” என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாள் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் முதல் மனுவே ‘ஐயா, எங்க தெருவுல தண்ணி வரலை’ என்று ஆரம்பித்தது. கண்காணிப்பாளரின் பேனா ஒரு நொடி நின்றது. கொடிப் பந்தலும் ஆவி பறக்கும் தட்டும் கண்ணுக்கு முன் வந்து போயின. ஆனால் சொந்த அனுபவம் வேறு, அலுவலக நடைமுறை வேறு இல்லையா? ‘உரிய சொற்களில் இல்லை’ என்று எழுதிவிட்டு அடுத்ததை எடுத்தார்.

ஆனாலும் வீட்டிலாவது திருந்துவது என்று அன்றைக்கு ஒரு முடிவோடு வந்தார். சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் செய்தித்தாளை மடித்துத் தள்ளி வைத்தார். மனைவி பரிமாறினார். நாலு வாய் சாப்பிட்டார். அந்த வார்த்தை தொண்டை வரை வந்து, திரும்பிப் போய், மறுபடியும் வந்தது.

“நல்லா இருக்கு” என்றார்.

மனைவியின் கையில் கரண்டி அப்படியே நின்றது. “என்ன சொன்னீங்க?”

“நல்லா இருக்குன்னேன்.”

அந்த அம்மாள் கேட்காமலே இன்னொரு கரண்டி போட்டார். கண்காணிப்பாளர் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, உலகத்தையே ஜெயித்தவர் போலக் கை கழுவ எழுந்து போனார். குழாயைத் திறந்தார். அது புஸ்ஸென்று காற்றை விட்டது.

பக்கத்துச் சுவருக்கு மேலே பல் டாக்டரின் தலை தெரிந்தது. “சார், போன வாரம் தெருக்கோடியில தண்ணி நின்னப்பவே நான்தான் தெருவுக்காக ஒரு மனு எழுதிப் போட்டேன். திருப்பி அனுப்பிட்டாங்களாம் சார்! உங்க ஆபீஸ்ல எவன் சார் அது?”

கண்காணிப்பாளர் எச்சில் கையோடு வீட்டுக்குள் திரும்பி, “ஏம்மா, தண்ணி வரலை!” என்று கத்தினார்.

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் நிதானமாக வந்தது: “அது செல்லாதுங்க. உரிய சொற்கள்ல சொல்லுங்க.”

கையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. கண்காணிப்பாளர் உரிய சொற்களைத் தேட ஆரம்பித்தார்.