கூரை பார்க்க வந்தவர்

சட்டி நிரம்பிவிட்டது. சிவசாமி அதை எடுத்து வெளியே ஊற்றிவிட்டு, சொட்டுகிற இடத்தில் குண்டானை வைத்தார்.

"மீனா படுக்க ஒரு காஞ்ச மூலையாச்சும் வேணுங்க," என்றாள் சண்முகவடிவு.

டயகமவில் கட்டிக்கொடுத்த மகள் தலைப்பிரசவத்துக்கு ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். புதுத் தகரம் வாங்கிப் பின்பக்கம் அடுக்கியாகிவிட்டது. ஆனால் இது தேயிலைத் தோட்டத்து லய வரிசைவீடு இல்லை, தலவாக்கலை டவுன். பட்டினசபை ஓவர்சியர் பழைய கூரையைப் பார்த்து அனுமதி கொடுத்தால்தான் ஓர் ஆணியைக்கூடப் பிடுங்கலாம். மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

லயம் பார்க்கத் துரை வருகிறார் என்றால் தோட்டத்தில் முதல் நாளே சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள். டவுனுக்கு வந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. சண்முகவடிவு சுவருக்கு வெள்ளையடித்தாள், தரையை மெழுகினாள், வாசல் சாக்கடைக் கானைத் தேய்த்துக் கழுவினாள். உற்சாகம் தாங்காமல் சிவசாமி கூரை ஓட்டைகளைத் தாரால் அடைத்து, துருவின் மேல் சிவப்புப் பெயின்டும் பூசினார்.

திங்கட்கிழமை கால்சட்டையும் தொப்பியுமாக ஒருவர் வந்தார். யார் என்று யாரும் கேட்கவில்லை. துரைமார் கேள்வி கேட்பார்கள். அவர்களைக் கேட்கிற வழக்கம் இல்லை. அவர் சுவரைப் பார்த்தார், அடுப்படியைப் பார்த்தார், கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார். வெளியே வந்து கூரையையும் அண்ணாந்து பார்த்தார்.

"ரொம்ப நல்லா இருக்கு. எதையும் மாத்திறாதீங்க. இப்படியே வச்சிருங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

சண்முகவடிவு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "மாத்தக் கூடாதுன்னுட்டாரே."

"எல்லாம் உன் சுண்ணாம்பால வந்தது."

"செவப்புப் பெயின்டு நானா அடிச்சேன்?"

பக்கத்துக் கடை ஜமால்தீன் எட்டிப் பார்த்தார். "கஷ்டத்தக் காட்டணும் சிவசாமி. பவுசக் காட்டுனா அனுமதி எப்படிக் கெடைக்கும்?"

மறுநாள், சுகாதார வாரத்துக்காகக் கடைவீதியில் கட்டியிருந்த விளம்பரத் துணிக்கு அடியில் குனிந்து சிவசாமி சபைக் கந்தோருக்கு ஓடினார். கூரையை வந்து பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டார். ஏற்கெனவே பார்த்தாயிற்று என்பதை ஞாபகப்படுத்தப் பயம். கிளார்க் நிமிராமலே, வியாழக்கிழமை ஓவர்சியர் வருவார் என்றார். இவ்வளவு லேசாக முடியும் என்று சிவசாமி நினைக்கவே இல்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் சிவசாமி கூரையில் ஏறினார். தாரைக் கிளறினார், பெயின்டைச் சுரண்டினார். சுரண்டுகிற வேகத்தில் ஒரு கால் உள்ளே போய், அடுப்புக்கு மேலே தொங்கியது.

கீழேயிருந்து சண்முகவடிவு பார்த்தாள். "காலப் பாத்து எடுங்க. ஓட்ட நல்லா விழுந்திருக்கு."

அவள் வெள்ளைச் சுவரில் சாம்பலும் சேறும் அப்பினாள். ஜமால்தீன் தன் ஆடுகளைக் கொண்டுவந்து நடுவீட்டில் கட்டினார். மீனாவுக்காக வாங்கிய பாயில் பாதியை அவை தின்றுவிட்டன. புதன்கிழமை பெய்த மழையில் காய்ந்த மூலை என்று ஒன்றுமே மிஞ்சவில்லை. இதற்கும் அனுமதி கிடைக்காவிட்டால் மகளை எங்கே படுக்க வைப்பது என்று சண்முகவடிவு கேட்டாள். சிவசாமி சுவரில் இன்னொரு கை சேறு அப்பினார்.

வியாழக்கிழமை கொட்டும் மழையில் ஓவர்சியர் வந்தார். இவர் வேறு ஆள். பெரிய ஓவர்சியரையே அனுப்பிவிட்டார்கள் என்று சிவசாமிக்குச் சந்தோஷம். வந்தவர் ஆட்டுப் புழுக்கையில் வழுக்கிச் சுவரைப் பிடித்தார், கையெல்லாம் சேறு. நிமிர்ந்தபோது கூரைத் தண்ணீர் நேராகக் கழுத்துக்குள் இறங்கியது.

"இந்தப் பக்கமும் பாருங்கய்யா. இங்க இன்னும் மோசம்," என்றார் சிவசாமி.

"மனுசன் குடியிருக்கிற வீடாய்யா இது? இன்னைக்கே கூரைய மாத்துங்க." நின்ற இடத்திலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

சண்முகவடிவு சிரிப்பை அடக்க ஆட்டின் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிவசாமி தாளை மழை படாமல் சட்டைக்குள் செருகினார். அப்போது தெருமுனையில் மேளச் சத்தம் கேட்டது.

சபைப் பியூன் மாயாண்டி கையில் மாலையோடு ஓடிவந்தான். ஆட்டைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், வெளியே போய்க் கதவு நம்பரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான்.

"திங்கக்கெழம வந்த சுகாதார ஐயா, டவுன்லயே சுத்தமான வீடு இதுதான்னு எழுதிட்டாருங்க, சேர்மன் ஐயா பரிசோட பின்னால வந்துக்கிட்டு இருக்காரு."