கரடி வீட்டு வெயில்

ஒரு காட்டில் வெயிலுக்குப் பெரிய தட்டுப்பாடு. மரங்கள் அவ்வளவு அடர்த்தி. நாலு மிளகாய் காயவைக்க வேண்டுமென்றாலும் ஆற்றங்கரைக்குத்தான் போக வேண்டும். அங்கே முதலை படுத்திருக்கும். அந்தக் காட்டில் பொன்னுரங்கம் என்று ஒரு கரடி இருந்தார். யாரிடமும் ‘முடியாது’ என்று சொல்லிப் பழக்கமில்லாதவர். ஒரு புயலில் அவர் கொல்லையில் நின்ற மருதமரம் சாய்ந்தது. அன்று முதல் அங்கே காலை எட்டிலிருந்து மாலை நாலு வரை சுள்ளென்று வெயில்.

கரடிக்கு உடனே ஓர் ஆசை வந்தது. மலைமேல் இருக்கும் சம்பந்தி வீட்டில் அவர் ஒருமுறை பிளாக்பெரிப் பழம் தின்றிருக்கிறார். ஒன்றே ஒன்று. அதற்குப் பிறகு அவருக்குத் தேன்கூட இறங்கவில்லை. நேரே மலையேறிப் போய் இரண்டு கன்றுகளை ஈரச்சாக்கில் சுற்றி எடுத்து வந்தார்.

“முதல் வருஷம் முள்ளும் இலையுந்தான். மறு வருஷந்தான் காய்க்கும்,” என்று சம்பந்தி சொல்லி அனுப்பியிருந்தார். “செவப்பா இருக்கும்போது கைவைக்காதீங்க, புளிக்கும். நல்லாக் கறுத்து, தொட்டா தானா கையில விழணும். அன்னைக்கே தின்னுடுங்க, மறுநாள் தாங்காது.”

கரடி பந்தல் போட்டார், தண்ணீர் சுமந்தார், முள்ளில் நூறு தடவை குத்துப்பட்டார். இரண்டாம் வருடம் கொத்துக்கொத்தாகக் காய் பிடித்தது. தினமும் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார்.

அப்போதுதான் மயில் தாயம்மாள் ஒரு தாம்பாளம் வடகத்தோடு வந்தாள்.

“ஒரு ஓரமா வச்சுக்கறேண்ணே. நீங்க சும்மாதானே உக்காந்திருக்கீங்க, காக்கா வந்தா வெரட்டுங்க.”

‘முடியாது’ என்ற வார்த்தை கரடியின் தொண்டை வரை வந்தது. வெளியே வந்தது, “அதுக்கென்னம்மா, வையி.”

மறுநாள் காட்டுப்பன்றி மிளகாயோடு வந்தது. அதற்கு மறுநாள் முயல் நனைந்த போர்வையோடு வந்தது. நாலாம் நாள் காக்காயே தன் வடகத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டது. ஒரே தள்ளுமுள்ளு. இதை ஒழுங்குபடுத்துவதற்காகக் குரங்கு வீராசாமி ‘வெயில் பயன்படுத்துவோர் நலச்சங்கம்’ என்று ஒன்று தொடங்கித் தானே செயலாளர் ஆனான். கொல்லைப் படலருகே ஒரு மேசை, டோக்கன், செல்போனில் ஒரு குழு. கரடிக்குப் பொன்னாடை போர்த்திக் கௌரவத் தலைவர் ஆக்கினார்கள். அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு வாரத்தில் குரங்கு ஒரு காகிதத்தோடு வந்தான்.

“ஐயா, உங்க செடியோட நிழல் வடகத்துல விழுதுன்னு புகார் வந்திருக்கு.”

“அது என் செடிப்பா. என் கொல்லை.”

“கொல்லை உங்களதுதான், யாரு இல்லேன்னா? வெயில் சங்கத்தோடது. செடி இருந்துட்டுப் போகட்டும். நீங்க உள்ள வரணும்னா மட்டும் ஒரு விண்ணப்பம் குடுத்துடுங்க. மூணு நகல்.”

விண்ணப்பத்தில் ‘காயவைக்கும் பொருள்’ என்று ஒரு கட்டம். ‘காயவைக்கவில்லை, பழுக்கவைக்கிறேன்’ என்று எழுதினார். அப்படிக் கட்டமே கிடையாது என்று திருப்பி அனுப்பினார்கள். ‘என் உடம்பு’ என்று மாற்றி எழுதியதும் அனுமதி கிடைத்தது.

மறுநாள் காலையில் சன்னல் வழியே பார்த்தார். பழமெல்லாம் கன்னங்கரேல். விழுந்தடித்து ஓடினார்.

“வரிசையில வாங்கய்யா,” என்றான் குரங்கு. “தலைவரே வரிசையை மீறினா நாளைக்கு எவன் மதிப்பான்?”

கரடிக்கு அதுவும் நியாயமாகவே பட்டது. டோக்கன் நாற்பத்து மூன்று. தன் வீட்டுப் படலிலேயே கால் கடுக்க நின்றார். நாற்பத்திரண்டு ஆமையுடையது. அது அப்பளத்தை ஒவ்வொன்றாகப் பரப்பியது, ஒவ்வொன்றாகத் திருப்பியது, நடுவில் ஒன்றைக் காணோம் என்று தேடியது. மணி நாலு.

“இன்னைக்கு வெயில் முடிஞ்சிருச்சு. நாளைக்கு வாங்கய்யா.”

மறுநாள் எட்டு மணிக்கு முதல் ஆளாக நுழைந்தார். செடியில் முள்ளும் இலையும்தான் இருந்தன. பக்கத்தில் தாயம்மாள் கருநீல வடகம் பிழிந்துகொண்டிருந்தாள். சங்கத்தில் அவளுக்கு நிரந்தர டோக்கன்.

“பழம் எங்கம்மா?”

“நேத்து சாயங்காலம் தொட்டதும் விழுந்துருச்சுண்ணே. ராத்திரி தாங்காதுல்ல, வீணாப் போகக்கூடாதுன்னு அம்புட்டையும் மாவுல போட்டுப் பிசைஞ்சுட்டேன். உங்களுக்குத்தான் மொதல்ல. உப்புப் பாத்துச் சொல்லுங்க.”

ஒரு விரல் மாவை நாக்கில் வைத்துக்கொண்டார் கரடி. பச்சை மிளகாயும் பெருங்காயமும் தூக்கலாக இருந்தன. இரண்டு வருட ஆசை ஒரு சின்ன விதையாகப் பல்லிடுக்கில் மாட்டிக்கொண்டது. அவருக்கு அழுகை வந்துவிட்டது.

சங்கமே அவர் முகத்தைப் பார்த்தது.

“காரமாய்யா?” என்றான் குரங்கு.

“இல்லப்பா. நல்லாருக்கு,” என்றார் கரடி.

அடுத்த வருடப் பழத்தையும் வடகத்துக்கே ஒதுக்குவதாக அங்கேயே தீர்மானம் போட்டார்கள். கௌரவத் தலைவர் கையெழுத்துப் போட்டார்.

நீதி: நல்லவனாக வாழ நினைப்பவன், வெயில் படாத வீடாகப் பார்த்துக் குடிபோக வேண்டும்.